கயோட்டி விலகிப் போகவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ரொறன்ரோ, சிக்காகோ, வன்கூவர், லொஸ் ஏஞ்சலஸ் என்று வட அமெரிக்காவின் எந்தப் பெருநகரத்தை எடுத்தாலும் அங்கே நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்கான கயோட்டி குடியிருக்கிறது. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஹைலண்ட் கிறீக், ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும், உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே நீளும் புல்வெளிகளும், ரயில் பாதை ஓரங்களும் அதற்கு நெடுஞ்சாலை. எனவே தெருவில் ஒன்றைக் கண்டது பிழை அல்ல. மனிதரைக் கண்ட பிறகும் அது விலகாமல் நிற்பதுதான் பிழை. அந்தப் பிழையின் வேர் பெரும்பாலும் விலங்கிடம் இல்லை, யாரோ ஒருவருடைய வளவில் கிடைத்த சாப்பாட்டில் இருக்கிறது.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேரே போகலாம். ஆனால் எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு தூரத்தில் நின்றது, உங்களைக் கண்டதும் என்ன செய்தது, அந்த இடத்தில் தின்பதற்கு என்ன இருந்தது. நிறமும் உருவமும் அதற்குப் பிறகுதான்.

அது கயோட்டிதானா?

ரொறன்ரோ உள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் காணும் கயோட்டி பெரும்பாலும் 13 முதல் 20 கிலோ எடை. குளிர்காலத்தில் மயிர் அடர்ந்து நிற்பதால் பார்ப்பவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு சொல்வார்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த உடல், நீண்ட மெல்லிய கால், கூர்மையான பெரிய காது. ஓடும்போதும் வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும், வாலின் நுனி கறுப்பு. செந்நரி இதன் மூன்றில் ஒரு பங்கு எடை அளவில்தான் இருக்கும், அதன் வால் நுனி வெள்ளை. நரிக்கும் கயோட்டிக்கும் இடையே குழப்பம் வந்தால் வால் நுனி ஒன்றே போதும்.

எச்சமும் சொல்லும். கயிறு முறுக்கியதுபோல் நுனி கூராக, உள்ளே மயிரும் எலும்புத் துண்டும் பழ விதையும் தெரிந்தால் அது கயோட்டியுடையது. தீவனம் தின்னும் வீட்டு நாயின் எச்சத்தில் மயிர் இருக்காது. வெறுங்கையால் தொட வேண்டாம், நாய் முகரவும் விட வேண்டாம். ஒன்ராறியோவில் கயோட்டிகளிடம் மனிதருக்கும் தொற்றக்கூடிய ஒருவகை நாடாப்புழு உண்டு.

அறிகுறி: பட்டப்பகலில் தெருவைக் கடந்து போகிறது

பகலில் வந்தால் விசர் பிடித்தது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. கயோட்டி இயல்பாகப் பகலிலும் நடமாடும் விலங்கு. நகரத்தில் நம்மைத் தவிர்ப்பதற்காகவே இரவுக்கு மாறியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போட்டபின் இரை தேடும் நேரம் கூடும். புரட்டாதி, ஐப்பசிக்குப் பிறகு இளசுகள் தாய் தகப்பனை விட்டுப் பிரிந்து இடம் தேடி அலையும். இந்த இரு காலங்களிலும் பகலில் காண்பது சாதாரணம்.

உங்களைப் பார்த்தது, ஒரு கணம் நின்றது, போய்விட்டது என்றால் செய்ய ஒன்றுமில்லை. படம் எடுப்பதற்காகக் கிட்டப் போகாதீர்கள். நின்றே பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு அறிகுறி, விரட்டும் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: இரவில் பத்துப் பதினைந்து கத்துவதுபோல் ஊளை

இரண்டு இருக்கும், மிஞ்சினால் ஒரு குடும்பம். ஒவ்வொன்றும் குரலை வேகமாக மாற்றி மாற்றி ஊளையிடும், அது கட்டடங்களில் பட்டுத் திரும்பும், கேட்பவருக்குப் பெரும் கூட்டமாகத் தோன்றும். அம்புலன்ஸ் சைரன் கேட்டதும் தொடங்குவது வழக்கம். இரை பிடித்த வெற்றிக் கூச்சல் என்பதும் கட்டுக்கதை. சன்னலை மூடிக்கொண்டு படுக்கலாம்.

அறிகுறி: பின்வளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது

முறைப்பாடுகளில் பல இந்த இடத்தில்தான் தீரும், அல்லது இந்த இடத்தில்தான் முற்றும். ஒருமுறை வந்தால் கடந்து போனது. அதே நேரத்துக்கு, அதே மூலைக்கு மூன்றாம் தடவை வந்தால் அங்கே ஏதோ கிடைக்கிறது.

என்ன கிடைக்கிறது என்று தேடும்போது குப்பைத் தொட்டியோடு நின்றுவிடாதீர்கள். சிக்காகோவைச் சுற்றியுள்ள குக் கவுண்டியில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரான்லி கெர்ட் தலைமையில் 2000ஆம் ஆண்டிலிருந்து நகரக் கயோட்டிகளை ஆராய்கிறார்கள். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட எச்ச மாதிரிகளைப் பிரித்துப் பார்த்தபோது சிறு எலி வகைகள் 42 சதவீத மாதிரிகளிலும், பழம் 23 சதவீதத்திலும், மான் 22 சதவீதத்திலும், முயல் 18 சதவீதத்திலும் இருந்தன. மனிதர் எறிந்த சாப்பாடு இரண்டு சதவீதம் அளவில்தான். அதாவது கயோட்டி உங்கள் குப்பையைத் தேடி வருவதைவிட, அந்தக் குப்பை வளர்க்கும் எலியைத் தேடி வருவது அதிகம்.

ஆகவே இரண்டு அடுக்காகத் தேட வேண்டும். நேரே தின்னக்கூடியது எது? எலி, அணில், முயலை இழுப்பது எது?

மாலை மங்கும் நேரத்தில் ரோர்ச் லைட்டோடு வளவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பார்க்க வேண்டியவை:

– பறவைத் தீனிக் கூட்டின் அடி. கூட்டில் உள்ள விதை அல்ல, கீழே சிந்திய விதைதான் சிக்கல். இரவில் எலி வரும், எலிக்குப் பின்னால் கயோட்டி வரும். சிக்கல் இருக்கும்வரை கூட்டைக் கழற்றி உள்ளே வையுங்கள். இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு, அடியில் தட்டு வைத்த கூட்டாகப் பார்த்துத் திரும்பப் போடலாம்.

– காகத்துக்கு வைக்கும் சோறு. புரட்டாதிச் சனிக்கு எள்ளுச் சோறு வைப்பதும், விரத நாளில் முதல் பிடியை வெளியே வைப்பதும் எங்கள் வீடுகளில் உள்ளதுதான். காகம் தின்றது போக மிஞ்சியது நிலத்தில் கிடந்தால் இரவில் ரக்கூனும் எலியும் அதை முடித்துவிடும். 2023 ஏப்ரலில் இருந்து ரொறன்ரோ நகரச் சட்டம் சொந்த வளவிலும் காட்டு விலங்குகளுக்குத் தீனி வைப்பதைத் தடுக்கிறது. கயிற்றில் தூக்கிய பாட்டுப் பறவைத் தீனிக் கூடு வேறு, நிலத்தில் வைக்கும் சோறு வேறு.

– மீன் வெட்டிய கழிவு. மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் சாடிக்கோ கத்தரிப் பாத்திக்கோ ஊற்றுவது, நண்டுக் கோதை உரமென்று புதைப்பது இரண்டும் நிறுத்தப்பட வேண்டியவை. கடையில் வாங்கும் எலும்புத் தூள், இரத்தத் தூள், மீன் உரமும் இதே கணக்கு, கிளறி எடுத்துவிடும். செதிலும் தலையும் குடலும் ஒரு பையில் கட்டி உறைபெட்டியில் கிடக்கட்டும். குப்பை எடுக்கும் நாள் காலையில் உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டிக்குள் போட்டால் போதும். தொட்டியை முதல்நாள் இரவே தெருவோரம் தள்ளி வைப்பவர்கள் இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

– விழுந்த பழம். ஆப்பிள், பியர்ஸ், பிளம்ஸ், மல்பெரி எல்லாம் கயோட்டி விரும்பித் தின்னும். பழுக்கும் காலத்தில் நாள்தோறும் பொறுக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை பொறுக்குவது பொறுக்காததற்குச் சமம்.

– நாய், பூனைத் தீவனம், வெளியே வைத்த தண்ணீர்க் கோப்பை, பார்பிகியூ அடியில் கொழுப்பு வடியும் தட்டு. அந்தத் தட்டை யாரும் நினைப்பதில்லை.

– பின்வாசல் மரத்தளமான டெக்கின் கீழும் கொட்டிலின் கீழும் முயலோ எலியோ வளை வைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

எலி இருக்கிறது என்று தெரிந்ததும் நஞ்சு வைக்க ஓடாதீர்கள். நஞ்சு தின்ற எலி சாகச் சில நாள் எடுக்கும். அதற்குள் தள்ளாடித் திரியும் எலியைக் கயோட்டியும் ஆந்தையும் பக்கத்து வீட்டுப் பூனையும் பிடிக்கும், அந்த நஞ்சு அவற்றின் உடலில் சேரும். மூடிய பெட்டிக்குள் வைக்கும் அடிபொறிதான் சரி.

எல்லாவற்றையும் எடுத்த பிறகும் சில நாளைக்கு வரும். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பது இதற்கும் பொருந்தும். ஒன்றும் கிடைக்காமல் திரும்பத் திரும்பப் போக வேண்டும், அப்போதுதான் வழியை மாற்றும். இடையில் ஒருநாள் ஒரு கோழி எலும்பு கிடைத்தால் கணக்கு மறுபடி முதலில் இருந்து. தெருவில் ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லாமல் போவதும் இதனால்தான். இரு பக்கத்து வீடும் பின்வீடும் சேர வேண்டும்.

அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சும் கருவி இந்தக் கட்டத்தில் நல்ல துணை. அதை நுழையும் இடத்தை நோக்கி வையுங்கள், வளவின் நடுவை நோக்கி அல்ல. கனடாவில் ஐப்பசி முடிவுக்குள் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து வெடிக்கும். குளிர்காலத்தில் அசைவு விளக்கு வைக்கலாம். ஆனால் விளக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும், அதை மட்டும் நம்ப முடியாது. கயோட்டியை விரட்டும் என்று கடையில் விற்கும் ஓநாய் மூத்திரப் போத்தலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒரு மழையோடு போய்விடும்.

அறிகுறி: வேலி இருந்தும் உள்ளே வருகிறது

கயோட்டி வேலியைத் தாண்டும் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அது ஒரே பாய்ச்சல் அல்ல என்று தெரியும். துள்ளி முன்னங்கால்களை வேலியின் மேல்விளிம்பில் பதிக்கும், பின்னங்கால்களால் பலகையை உதைத்து ஏறும், பிறகு குதிக்கும். மேல்விளிம்பில் பிடி கிடைக்காவிட்டால் அது விழும். பின்னிய கம்பி வேலி என்றால் ஏணிப்படி மாதிரி ஏறிவிடும்.

உயரம் குறைந்தது 6 அடி, அதாவது 1.8 மீற்றர். ரொறன்ரோவில் பின்வளவு வேலிக்குப் பொதுவாக 2 மீற்றர்தான் வரம்பு என்பதால் அதற்கு மேல் எழுப்ப முன் நகரசபையில் கேளுங்கள். உயரத்தைக் கூட்டுவதைவிட மேல்விளிம்பில் உருளும் குழாய் பூட்டுவது மலிவு:

1. 1 அங்குல பிவிசி குழாய் உள்ளே, 3 அங்குலக் குழாய் வெளியே. ஒரு துண்டு 4 முதல் 5 அடி நீளம். வெளிக் குழாயை உள் குழாயைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் தாங்கியில் உரசி உருளாது.
2. வேலி மேல்விளிம்பில் ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் எல் வடிவத் தாங்கி.
3. முறுக்கிய எஃகுக் கம்பியை ஒரு தாங்கியில் கட்டி, உள் குழாய்க்குள்ளால் விட்டு, மறு தாங்கியில் நன்றாக இழுத்து இறுக்குங்கள்.
4. கையால் மேலிருந்து அழுத்துங்கள். குழாய் சுழன்று கை வழுக்க வேண்டும்.

பிழை வரும் இடங்கள்: கம்பி தொய்ந்தால் குழாய் வேலியில் முட்டி நின்றுவிடும். இரண்டு துண்டுக்கு இடையில் இடைவெளி விட்டால் அங்கே கால் வைக்கும். உறைமழைக்குப் பிறகு பனிக்கட்டி பிடித்துச் சுழலாது, தட்டி விட வேண்டும். வேலியோடு சேர்த்து விறகோ உரப் பெட்டியோ கதிரையோ வைத்திருந்தால் உருளைக்கே வேலையில்லை. கனடாவில் எல்லாரும் மறப்பது பனி. வழித்த பனியை வேலியோரம் குவித்தால் மாசி மாதத்தில் உங்கள் ஆறடி வேலி நாலடி வேலி.

அடிப்பக்கத்தில் 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் தலை நுழையும், தலை நுழைந்தால் உடல் நுழையும். கல்வனைஸ் கம்பிவலையை நிலத்துக்குள் 30 செ.மீ. இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக 30 முதல் 45 செ.மீ. மடித்து விடுங்கள். வேலியடியில் தோண்டத் தொடங்கியதும் வலை தட்டும். கொஞ்சம் பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. படலையின் கீழ் வலை போட முடியாது, அங்கே நடைக்கல் பதியுங்கள்.

அறிகுறி: நாயோடு நடக்கும்போது பின்னால் வருகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டுக்கும் பதில் வேறு. மாதம் பார்த்தால் பெரும்பாலும் விளங்கும்.

ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை பள்ளத்தாக்குப் பாதையில் ஒன்று தூரத்தில் நின்று, நீங்கள் நடந்தால் நடந்து, நின்றால் நிற்கிறது என்றால் அது வேட்டை அல்ல, காவல். கிட்டடியில் குட்டிகள் உண்டு. நாய் அதற்கு எதிரியாகத் தெரிகிறது. முதுகைக் கூனி, வாயைப் பிளந்து காட்டி, இரண்டடி பாய்ந்து திரும்புவதும் இதில் அடக்கம். இங்கே கத்தி விரட்டப் போகாதீர்கள், குட்டியை விட்டு அது ஓடாது. லீஷை, அதாவது நாயின் கயிற்றை, இறுக்குங்கள், அதைப் பார்த்தபடியே அமைதியாகப் பின்வாங்குங்கள், வந்த வழியே வெளியேறுங்கள். அந்தப் பாதையை ஓகஸ்ட் முடியும்வரை விட்டுவிடுவது நல்லது. சரியாகப் பின்வாங்கினால் எல்லை தாண்டியதும் அது நின்றுவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். எல்லைக் காவல் கூடும், கருத்தடை செய்யாத நாய்களில் அதற்குக் கவனமும் கூடும். இந்தக் காலத்திலும், மற்ற மாதங்களில் வீட்டுத் தெருவிலும் கிட்ட நெருங்கி வந்தால் நின்று விரட்ட வேண்டும்.

எந்தக் காலத்துக்கும் பொதுவான சில:

லீஷ் 1.8 மீற்றருக்கு உட்பட்ட நிலைநீளக் கயிறாக இருக்கட்டும். ரொறன்ரோச் சட்டமும் 2 மீற்றருக்கு மேல் விடாது. இழுக்க இழுக்க நீளும் பெட்டி லீஷ் கயோட்டி உள்ள இடத்துக்கு ஆகாது. 5 மீற்றர் தள்ளிப் புதருக்குள் மூக்கை விட்ட நாயை நீங்கள் இழுத்தெடுக்க முன்னம் எல்லாம் முடிந்துவிடும். தனியாகத் திரியும் நாயாகத்தான் கயோட்டி அதைக் கணக்கெடுக்கும், மனிதரோடு வந்த நாயாக அல்ல.

சிறிய நாயென்றால் கையில் தூக்குங்கள். குழந்தையையும் அப்படியே. தூக்கும்போது முதுகைக் காட்டாதீர்கள், கண்ணை எடுக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். பெரிய நாய் என்றால் உங்களுக்குப் பின்னால் இழுத்து வையுங்கள். ஓடவே கூடாது. ஓடுவதைத் துரத்துவது நாய்க் குடும்பம் முழுவதற்கும் பொதுவான குணம்.

இரவில் கடைசியாக நாயைப் பின்வளவுக்கு விடும்போது முதலில் விளக்கைப் போட்டு, கைதட்டி, நீங்கள் இறங்கிப் பார்த்த பிறகு நாயை விடுங்கள். வேலி உள்ள வளவென்றாலும் 10 கிலோவுக்குக் குறைந்த நாயை அங்கே தனியே விடாதீர்கள்.

அறிகுறி: விரட்டினேன், போகவில்லை

விரட்டுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அதை அரைகுறையாகச் செய்தால், மனிதர் கத்துவார்கள், பிறகு ஒன்றும் நடக்காது என்று கயோட்டிக்குப் பாடம் நடத்தியதாக முடியும்.

சரியாகச் செய்வது இப்படி. நேரே அதைப் பார்த்து நில்லுங்கள். கைகளை உயர்த்தி, ஜக்கெற்றை விரித்து, உருவத்தைப் பெரிதாக்குங்கள். அடித்தொண்டையில் இருந்து "போ!" என்று அதட்டுங்கள். கீச்சிடும் குரல் உதவாது. ஓரடி ஈரடி அதை நோக்கி எடுத்து வையுங்கள். அது சிறிது தூரம் போய்த் திரும்பி நின்று பார்க்கும். பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கண்ணுக்கு மறையும்வரை தொடருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பழைய சோடா ரின்னில் ஏழெட்டு நாணயம் போட்டு வாயை ரேப்பால் ஒட்டிய கிலுக்கி, படகுக்காரர் வைக்கும் சிறிய எயர் ஹோர்ன், பொத்தானை அழுத்தினால் விரியும் குடை, மடித்துப் பொக்கற்றில் வைத்த பெரிய கறுப்புக் குப்பைப் பை. பையைப் படாரென்று உதறினால் எழும் சத்தமும் கறுப்பு உருவமும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும், காசும் இல்லை. எயர் ஹோர்ன் குளிரில் வாயு அழுத்தம் குறைந்து முனகும், அதனால் வெளிப் பையில் அல்ல, உடம்போடு ஒட்டிய உள் பையில் வையுங்கள். எறிவதென்றால் ரென்னிஸ் பந்தோ சிறு தடியோ அதன் பக்கத்தில் விழும்படி எறியுங்கள். காயப்படுத்துவது நோக்கமல்ல. காயப்பட்ட விலங்கு கணிக்க முடியாத விலங்கு. உணவுப் பொருளை மட்டும் எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள்.

அப்படியும் போகவில்லை என்றால் காரணத்தைத் தேடுங்கள்:

சன்னலுக்கு உள்ளிருந்தோ காருக்குள் இருந்தோ கத்தினால் அது உங்களை மனிதராகக் காண்பதில்லை. வெளியே வந்து நிற்க வேண்டும்.

வேலி மூலையில் அடைபட்டு நிற்கிறதா? போக வழி இல்லாததை விரட்ட முடியாது. படலையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

நாள்தோறும் ஒரே கிலுக்கியா? பழகிவிட்டது. கருவியை மாற்றுங்கள், ஆளையும் மாற்றுங்கள். ஒருவருக்கு மட்டும் அஞ்சிப் பக்கத்து வீட்டில் படுத்திருப்பது நடக்கும்.

வளவில் சாப்பாடு இன்னும் கிடக்கிறதா? அப்படியானால் பின்வளவு பற்றிய பகுதிக்குத் திரும்புங்கள். தீனியை எடுக்காமல் விரட்டுவது வீண்.

குட்டி இருக்கும் இடமா, நொண்டுகிறதா, நோய்ப்பட்டதா? அப்படியென்றால் விரட்டலை நிறுத்திப் பின்வாங்குங்கள். தூரத்தில் தன் பாட்டில் படுத்திருப்பதையும் விரட்டத் தேவையில்லை.

இவை ஒன்றும் இல்லாமல், அதட்டியும் உங்களை நோக்கியே வருகிறது, கையைப் பார்க்கிறது, பையை முகர்கிறது என்றால் அது யாரோ கையால் தீனி கொடுத்துப் பழக்கிய கயோட்டி. இது உங்கள் அளவில் தீராது. அன்றே நகரசபைக்கு அறிவியுங்கள். வன்கூவர் ஸ்ரான்லி பூங்காவில் 2020 டிசம்பரில் தொடங்கி அடுத்த கோடை முடியும்வரை 40 பேருக்கு மேல் கடிபட்டதும், பூங்காவை இரவில் மூட வேண்டி வந்ததும், கடைசியில் கயோட்டிகளைக் கொன்றதும், தீனி போட்டுப் பழக்கியது பெருங்காரணமாக நடந்தவை.

அறிகுறி: மயிர் உதிர்ந்து, எலும்பும் தோலுமாகப் பகலில் படுத்திருக்கிறது

இது சொறி நோய். தோலைத் துளைத்து வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வருகிறது. வாலில் இருந்து மயிர் கொட்டும், தோல் தடித்து வெடிக்கும், குளிர் தாங்காமல் டெக்கிலும் கொட்டிலிலும் வெயில்படும் சுவரோரத்திலும் ஒதுங்கும். ஓடி இரை பிடிக்க வலுவில்லாததால் வீட்டோரச் சாப்பாட்டை நாடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது ரேபிஸ் எனும் விசர் நோய் அல்ல.

இந்த நோய்க்கு மருந்து உண்டு, குணமாகும். ஆனால் இறைச்சிக்குள் மருந்தை வைத்து வளவில் போடும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். எது தின்றது, எவ்வளவு தின்றது என்று தெரியாது, சில இன நாய்களுக்கு அந்த மருந்து நஞ்சு. இடம், நேரம், படத்தோடு வனவிலங்கு மீட்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரர் இந்த நோய்க்குச் சிகிச்சை செய்கிறது. அது ஒதுங்கிப் படுத்த துணியிலோ வைக்கோலிலோ நாயைப் படுக்க விடாதீர்கள், பூச்சி தொற்றும்.

அறிகுறி: டெக்குக்குக் கீழே குட்டிச் சத்தம்

அடைக்காதீர்கள். தாய் வெளியே இருக்க அடைத்தால் குட்டிகள் உள்ளே சாகும், தாய் டெக்கைப் பிரித்தெடுக்கும். குட்டிகள் பொதுவாக நாலு முதல் ஏழு. ஆறு முதல் பத்துக் கிழமைக்குள் அவை வளையை விட்டு நடமாடத் தொடங்கும், பிறகு தாமாகவே போகும். பொறுக்க முடியாதென்றால் பகலில் அந்தப் பக்கம் வானொலியில் பேச்சு நிகழ்ச்சியைப் போட்டுவிடுங்கள், அடிக்கடி நடமாடுங்கள். தாயே வேறு இடத்துக்குத் தூக்கிப் போகும். எல்லாம் போனபின் வாசலில் மாவைத் தூவி, தொடர்ந்து சில இரவு அடிச்சுவடு இல்லை என்று உறுதிப்படுத்திவிட்டு, வேலிக்குச் சொன்ன அதே எல் வடிவ வலையால் அடையுங்கள்.

அறிகுறி: தெருவில் பூனைகள் காணாமல் போகின்றன

பூனையை வீட்டுக்குள் வையுங்கள். வெளிக்காற்று வேண்டுமென்றால் மேல்பக்கமும் மூடிய வலைக்கூடு கட்டலாம். இதற்கு வேறு வழி இல்லை. கார் அடித்ததும் கயோட்டி கணக்கில் எழுதப்படுவது உண்டு. ஆனாலும் வெளியே இரவு கழிக்கும் பூனை இரைதான்.

அறிகுறி: கடித்துவிட்டது

மனிதருக்கென்றால்: காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். இரத்தம் ஓடினால் முதலில் அழுத்திப் பிடியுங்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். ரேபிஸ் ஊசி வேண்டுமா இல்லையா என்பதை வைத்தியரும் பொதுச் சுகாதாரப் பிரிவும் முடிவு செய்வார்கள், கீறல்தானே என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கயோட்டியால் மனிதர் இறந்ததாக உறுதியான சம்பவங்கள் இரண்டே இரண்டு: 1981இல் கலிபோர்னியாவின் கிளெண்டேலில் ஒரு குழந்தை, 2009இல் கனடாவின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஒரு இளம்பெண். அரிது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

நாய்க்கென்றால்: மேலே இரண்டு சிறு ஓட்டைதான் தெரியும். கவ்வி உதறியதில் உள்ளே தசை கிழிந்தும் விலா முறிந்தும் இருக்கும். நாய் நடக்கிறது, சாப்பிடுகிறது என்று காலைவரை காத்திராமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். ஒன்ராறியோவில் மூன்று மாதம் தாண்டிய நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். அந்தச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.

அறிகுறி: பிடித்துக்கொண்டு போகச் சொன்னால் நகரசபை மறுக்கிறது

கோபம் வருவது இயல்பு. மறுப்பதற்குக் காரணம் உண்டு. குக் கவுண்டியில் இடம் காட்டும் கழுத்துப்பட்டி மாட்டிப் பார்த்ததில் ஒரு குடும்பத்தின் எல்லை சராசரியாக 5 சதுர கிலோமீற்றருக்குள் இருந்தது. எல்லை இல்லாமல் தனியே அலைபவை 27 சதுர கிலோமீற்றர் அளவில் சுற்றின. இந்த அலைபவை எப்போதும் காலி இடத்துக்காகக் காத்திருக்கும். மனிதரை விட்டு விலகிப் பழகிய ஒரு சோடியைப் பிடித்தால், உங்கள் தெரு வழக்கம் தெரியாத ஒன்று அங்கே குடியேறும். ஒன்ராறியோவில் பிடித்த காட்டு விலங்கை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடவும் சட்டம் இடம் தராது. ஆகவே "பிடித்துப் போய்க் காட்டில் விடுங்கள்" என்ற தெரிவே இல்லை. இருப்பது கொல்வது ஒன்றுதான், அது மனிதரை நெருங்கிக் கடிக்கப் பழகியதற்கு மட்டும்.

நகரசபையின் 311 இலக்கத்தை அழைக்கும்போது "கயோட்டி நிற்கிறது" என்றால் பதிவு செய்துவிட்டு வைத்துவிடுவார்கள். நடத்தையைச் சொல்லுங்கள்: "காலை ஏழரைக்கு, பள்ளிக்கூடப் பின்வாசலில், பத்தடி தூரத்தில் நின்றது, கத்தியும் குடை விரித்தும் போகவில்லை, ஒருவர் காரில் இருந்து பாண் எறிவதைக் கண்டோம்." தீனி போடுபவரின் நேரமும் இடமும்தான் அதிகாரிகளுக்கு மிகவும் பயன்படும் தகவல். குழந்தையை நெருங்கினாலோ தாக்கினாலோ அவசர உதவிக்கு 911.

தீனி போடுபவர் உங்கள் வீட்டு அம்மம்மாவாகவோ பக்கத்து வீட்டு ஐயாவாகவோ இருந்தால் சட்டம் பேசித் தொடங்க வேண்டாம். அவர் போடுவது பெரும்பாலும் காகத்துக்கோ அணிலுக்கோ, கயோட்டிக்கு அல்ல. "நீங்கள் வைக்கிறதை இரவில் எலி தின்னுது, எலியைப் பிடிக்க அது வருது, பேரப்பிள்ளை விளையாடுற இடம்" என்று வரிசையைக் காட்டுங்கள். விரத நாள் சோறென்றால் தட்டில் வைத்து, பகலில் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து, மிஞ்சியதை எடுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ரொறன்ரோச் சட்டப்படி அதுவும் கூடாது, ஆனாலும் இரவு முழுக்க நிலத்தில் கிடப்பதை நிறுத்துவது முதல் படி. சோறு எடுபட்ட பிறகு அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குக் காலையில் வேலியோரம் புது எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.